வரும் அழைப்பை ஏற்கும் மோடம்: அமைக்கும் முறையும் சோதிக்கும் முறையும்

ஓர் ஆற்றங்கரையில் நீர்மட்டம் அளக்கும் சிறு நிலையம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அங்கே மனிதர் எவரும் தங்குவதில்லை. பூட்டிய பெட்டியினுள் அளவுக் கருவி ஒன்று கால் மணிக்கு ஒரு முறை நீரின் உயரத்தைக் குறித்து வைக்கிறது. மலைப்பகுதியில் பெருமழை பொழியும் ஓர் இரவில், நாற்பது கல் தொலைவிலுள்ள அலுவலகத்திலிருந்து ஊழியர் ஒருவர் அந்நிலையத்தைத் தொலைபேசி வழியே அழைக்கிறார். மணி ஒலித்துக்கொண்டே இருக்கிறது, மறுமுனை எடுக்கவில்லை. கருவி பழுதுபடவில்லை, கம்பியும் அறுந்துவிடவில்லை, ஆற்றின் அளவும் பெட்டியினுள் பத்திரமாகவே இருக்கிறது. மோடத்தில் இருக்கவேண்டிய ஓர் எண் பூச்சியமாக இருந்தது, குறை அவ்வளவே. ஆயினும் அந்த ஒரு பூச்சியத்தின் பொருட்டு, அந்த இரவில் ஒருவர் மழையில் நாற்பது கல் செல்ல வேண்டியதாயிற்று.

அந்த எண் எது, அதனை எவ்வாறு அமைப்பது, அமைத்தபின் எவ்வாறு சோதித்து உறுதிசெய்வது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது. தொலைபேசிக் கம்பியில் இயங்கும் மோடம் முன்போல் எங்கும் காணப்படுவதன்று. எனினும், கைப்பேசி வலையில் இயங்கும் மோடங்களும் பெரும்பாலும் அதே கட்டளை மொழியையே பேசுகின்றன. ஆதலின் பழைய கருவியைக் கற்றவர் புதிய கருவியை எளிதில் கையாளலாம். அன்றியும், தொலைத்தொடர்பின் அடிப்படைகளை மாணவர் காதால் கேட்டும் கண்ணால் கண்டும் அறிதற்கு இதனினும் எளிய சாதனம் கிடைப்பது அரிது.

1. அழைப்பவரும் ஏற்பவரும்

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளே அதன் வழியே செவ்வனே செல்லும். கணிப்பொறியின் மொழியோ ஒன்று, பூச்சியம் என்னும் இரண்டே குறிகளால் ஆனது. அக்குறிகளை ஒலியாக மாற்றி அனுப்புவதும், வந்த ஒலியை மீண்டும் குறிகளாக மாற்றுவதும் மோடத்தின் தொழில். பண்பேற்றல், பண்பிறக்கல் என்னும் இவ்விரு செயல்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதற்பகுதிகள் இணைந்தே ‘மோடம்’ என்னும் பெயர் பிறந்தது.

இரு மோடங்கள் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பேசினால் ஒலிகள் கலந்துவிடாவோ என்று மாணவர் கேட்பர். அது நல்ல வினா. வினாடிக்கு 300 குறிகள் அனுப்பும் வி.21 என்னும் பழைய முறை இதற்கு எளிய விடை தருகிறது. அழைக்கும் மோடம் ‘ஒன்று’ என்பதற்கு 980 ஹெர்ட்ஸ் ஒலியையும், ‘பூச்சியம்’ என்பதற்கு 1,180 ஹெர்ட்ஸ் ஒலியையும் எழுப்பும். அழைப்பை ஏற்கும் மோடம் முறையே 1,650, 1,850 ஹெர்ட்ஸ் ஒலிகளை எழுப்பும். ஒருவர் தாழ்ந்த குரலிலும் மற்றவர் உயர்ந்த குரலிலும் பேசுவது போன்றது இஃது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். அழைப்பதும் ஏற்பதும் மோடத்துக்கு இரு வேறு வேடங்கள். இரண்டு மோடங்களும் ஒரே வேடத்தைப் பூண்டால் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேளாது. ஆகவே அழைப்பை ஏற்கும் மோடத்துக்கு, ‘நீ ஏற்பவன்’ என்பதை நாம் அறிவித்தல் வேண்டும். அமைப்பு முறை என்று நாம் கூறுவதன் உட்பொருள் இதுவே.

நம் நாட்டிலும் இவ்விரு வேடங்களுக்கு நல்ல சான்று உண்டு. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அந்நாளில் சந்தாதாரரின் வீட்டிலிருந்த மோடம் அழைக்கும். நிறுவனத்தின் நிலையத்தில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்த மோடங்கள் ஏற்கும். வீட்டு மோடத்தைப் பலர் அறிந்திருந்தனர். ஏற்கும் மோடத்தை அமைக்கக் கற்றவர் சிலரே.

2. மணி ஒலிக்கும்போது நிகழ்வன

தொலைபேசி வாளாவிருக்கும்போது கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். அழைப்பு வரும்போது, வினாடிக்கு 20 முதல் 25 முறை திசை மாறும் உயர்ந்த மாறுமின்னழுத்தத்தை இணைப்பகம் அதன்மேல் ஏற்றுகிறது. பழைய தொலைபேசியில் மணியை அடித்தது இம்மின்சாரமே. மோடத்தினுள் மணி இல்லை; அதற்குப் பதிலாக மின்தேக்கி ஒன்று நேர்மின்சாரத்தைத் தடுத்து மாறுமின்சாரத்தை மட்டும் உள்ளே விடுகிறது. அதனைக் கண்டறியும் சுற்று, ‘மணி வந்தது’ என்று மோடத்தின் மூளைக்கு உரைக்கிறது.

நம் நாட்டில் வழக்கமான மணி இரட்டை ஒலியாக வரும்: 0.4 வினாடி ஒலி, 0.2 வினாடி மௌனம், மீண்டும் 0.4 வினாடி ஒலி, பின்னர் 2 வினாடி மௌனம். ஆக ஒரு சுற்றுக்கு 3 வினாடி ஆகும். இக்கணக்கைப் பின்னர்ப் பயன்படுத்துவோம்.

மோடம் அழைப்பை ஏற்க முடிவுசெய்தவுடன், கம்பியின் இரு இழைகளையும் தன்னுள் இணைத்து நேர்மின்சாரம் பாயச் செய்கிறது. நாம் கைக்கருவியை எடுப்பதற்கு ஒப்பானது இச்செயல். இணைப்பகம் மணியை நிறுத்திப் பேச்சு வழியைத் திறக்கிறது. பின்னர் ஏறத்தாழ இரண்டு வினாடி மோடம் மௌனமாக இருக்கும். அதன்பின் 2,100 ஹெர்ட்ஸ் ஒலியைச் சற்றேறக்குறைய 3.3 வினாடி எழுப்பும்.

இவ்வொலிக்கு இரு பயன்கள் உண்டு. ‘எதிர்முனையில் இருப்பவன் மோடமே’ என்று அழைத்தவர்க்கு அறிவிப்பது ஒன்று. நெடுந்தொலைவுக் கம்பிகளில் மனிதக் குரலின் எதிரொலியை அடக்கும் சாதனங்கள் இருக்கும்; அவை இருபுறமும் ஒரே நேரத்தில் செல்லும் தரவுக்கு இடையூறாகும். 2,100 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டதும் அச்சாதனங்கள் விலகிக்கொள்ளும். இது மற்றொன்று. இதன்பின் இரு மோடங்களும் தத்தம் வேகங்களைக் கூறி, இருவர்க்கும் இயன்ற ஒரு வேகத்தில் உடன்பாடு செய்துகொள்கின்றன. ஒலிபெருக்கி வழியே நாம் கேட்ட கீச்சொலியும் இரைச்சலும் இந்த உடன்பாட்டுப் பேச்சே.

3. கட்டளை மொழி

1981-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹேய்ஸ் நிறுவனம் ‘ஸ்மார்ட்மோடம்’ என்னும் கருவியை வெளியிட்டது. தட்டச்சு செய்யும் எழுத்துகளாலேயே மோடத்துக்குக் கட்டளையிடும் முறையை அது பரப்பியது. பிற உற்பத்தியாளரும் அம்மொழியைப் பின்பற்றினர். 1990-களில் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதனைத் தரப்படுத்தியது. அத்தரம் இன்று வி.250 என வழங்குகிறது.

பெரும்பாலான கட்டளைகள் ‘ஏ’, ‘டி’ என்னும் இரு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். ‘கவனி’ என்பது அதன் பொருள். இக்கட்டுரையில் எழுத்துகளின் ஒலியைத் தமிழில் தந்துள்ளோம். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகளாகவே தட்டுதல் வேண்டும். வரியின் முடிவில் ‘என்டர்’ விசையை அழுத்த வேண்டும். கட்டளை சரியாயின் மோடம் ‘ஓகே’ என விடையளிக்கும். தவறாயின் ‘எரர்’ என்னும்.

மோடத்தினுள் ‘எஸ் பதிவகங்கள்’ எனப்படும் சிறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஓர் எண் இருக்கும். நமக்கு வேண்டியவை இவை:

எஸ்0 — எத்தனையாவது மணியில் அழைப்பை ஏற்க வேண்டும் என்னும் எண். பூச்சியமாயின் மோடம் தானாக ஏற்காது. முன்னுரையில் நாம் கண்ட பூச்சியம் இதுவே.

எஸ்1 — இதுவரை ஒலித்த மணிகளின் எண்ணிக்கை. இதனை மோடமே எழுதும், நாம் படிக்கலாம்.

எஸ்7 — எதிர்முனை ஒலிக்காகக் காத்திருக்கும் காலம், வினாடியில். பல மோடங்களில் இது 50 ஆக இருக்கும்.

எஸ்10 — எதிர்முனை ஒலி மறைந்தபின் எவ்வளவு நேரம் பொறுத்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது, வினாடியின் பத்தில் ஒரு பங்குகளில்.

பதிவகத்தைப் படிக்க அதன் பெயரோடு கேள்விக்குறி இடுக: ‘ஏடி எஸ்0?’. எழுத, சமன்குறியும் எண்ணும் இடுக: ‘ஏடி எஸ்0=2’.

4. அமைக்கும் முறை

முதற்படி: மோடத்தைக் கணிப்பொறியின் தொடர்முனையில் இணைத்து, முனைய நிரல் ஒன்றைத் திறந்து, ‘ஏடி’ என மட்டும் தட்டுக. ‘ஓகே’ வாராவிடில் மேற்செல்ல வேண்டா. கம்பி, மின்சாரம், முனையின் பெயர், வேகம் ஆகியவற்றை முதலில் ஆராய்க.

இரண்டாம் படி: ‘ஏடி&எஃப்’ எனத் தட்டுக. மோடம் தொழிற்சாலையில் அமைத்த நிலைக்குத் திரும்பும். முன்பு வேறு யாரேனும் செய்துவைத்த மாற்றங்கள் இதனால் நீங்கும். அறியாத நிலையிலிருந்து தொடங்குவதைவிட அறிந்த நிலையிலிருந்து தொடங்குவது நன்று.

மூன்றாம் படி: ‘ஏடி எஸ்0=2’ எனத் தட்டுக. ஏன் ஒன்று அன்று, ஏன் பத்து அன்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சில நாடுகளில் அழைப்பவரின் எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையே அனுப்பப்படுகிறது; முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் அவ்வெண் கிட்டாது. பத்து என்று வைத்தால் என்ன நேரும்? அழைத்தவர் எண்ணைச் சுழற்றி முடித்ததும் அவருடைய மோடத்தின் எஸ்7 கடிகாரம் ஓடத் தொடங்கும். இணைப்புக் கிட்ட 5 வினாடி; பத்து மணிக்கு ஏறத்தாழ 30 வினாடி; மௌனத்துக்கும் விடை ஒலிக்கும் 5 வினாடி; வேக உடன்பாட்டுக்கு 10 வினாடி அல்லது அதற்கும் மேல். கூட்டினால் 50 வந்துவிடும். உடன்பாடு முடியும் தறுவாயில் அழைத்த மோடம் பொறுமையிழந்து கம்பியை விட்டுவிடும். ‘சில நாள் கிடைக்கிறது, சில நாள் கிடைக்கவில்லை’ என்னும் முறையீடுகளுள் பல இவ்வகையினவே. இரண்டு என்று வைத்தால் மொத்தம் 26 வினாடியளவே ஆகும்.

நான்காம் படி: ‘ஏடி&சி1&டி2’ எனத் தட்டுக. முதற்பகுதி, எதிர்முனை ஒலி உண்மையில் இருக்கும்போது மட்டும் ‘ஒலி உண்டு’ என்னும் கம்பியை உயர்த்துமாறு கூறுகிறது. ஒன்பது ஊசி முனையில் இஃது 1-ஆம் ஊசி. இரண்டாம் பகுதி, ‘கணிப்பொறி ஆயத்தம்’ என்னும் 4-ஆம் ஊசியின் குறி வீழ்ந்தவுடன் இணைப்பைத் துண்டிக்குமாறு கூறுகிறது. இவ்விரண்டும் வாயிற்காவலர் போன்றவை. முதலாவது இல்லையேல், அழைத்தவர் போனபின்னும் அவர் இருப்பதாகவே கணிப்பொறி எண்ணும். அடுத்து அழைப்பவர் முன்னவரின் திறந்த கணக்கினுள் நுழைந்துவிடவும் கூடும். இரண்டாவது இல்லையேல், வேலை முடிந்தபின்னும் கம்பி விடுபடாது. அடுத்தவர்க்கு ‘எங்கேஜ்டு’ ஒலியே கேட்கும்.

ஐந்தாம் படி: ‘ஏடி ஈ0 க்யூ1’ எனத் தட்டுக. முதலாவது, தட்டியதைத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தை நிறுத்தும். இரண்டாவது, மோடம் தானாக விடைச் சொற்களை வெளியிடுவதை நிறுத்தும். இதன் பின்னர் ‘ஓகே’ வாராது. அது கண்டு மலைக்க வேண்டா. இப்படியின் காரணம் சுவையானது. கணிப்பொறி ‘பெயர் யாது?’ என்று வினவும். திருப்பிச் சொல்லும் மோடம் அவ்வினாவையே அதற்குத் திருப்பி அனுப்பும். ‘பெயர் யாது?’ என்பதையே ஒருவர் பெயராகக் கருதிக் கணிப்பொறி கடவுச்சொல் கேட்கும், அதுவும் திரும்பும். கம்பியில் மனிதர் ஒருவரும் இல்லாமலே இரு கருவிகளும் இரவு முழுதும் உரையாடிக்கொண்டிருக்கும். காலையில் பதிவேட்டைப் பார்ப்பவர், யாரோ ஓயாது உட்புக முயன்றதாக அஞ்சுவர்.

ஆறாம் படி: கணிப்பொறிக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள வேகத்தை ஒரே எண்ணில் நிலைநிறுத்துக. தொலைபேசிக் கம்பியின் வேகம் அழைப்புக்கு அழைப்பு மாறலாம்; ஆனால் உள்வேகம் மாறலாகாது. உள்வேகம் மிகுதியாக இருப்பதால் மோடத்தின் நினைவகம் நிரம்பிவிடக்கூடும். அப்போது ‘நிறுத்து’ என்று சொல்லக் கம்பி வழிக் கட்டுப்பாட்டை இயக்கி வைத்தல் இன்றியமையாதது. இதற்குரிய கட்டளை உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறுபடும். கையேட்டைப் பார்த்து இடுக.

ஏழாம் படி: ‘ஏடி&டபிள்யூ’ எனத் தட்டுக. இதுவரை செய்தவை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதப்படும். களநிலையத்தில் இதுவே தலையாய படி. இதனை மறந்தவர் அமைத்த மோடம், அவர் அங்கிருக்கும்வரை செவ்வனே இயங்கும். முதல் மின்தடையிலேயே எஸ்0 மீண்டும் பூச்சியமாகும். மின்தடை பெரும்பாலும் புயல் இரவில்தான் வரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

5. ஏற்பவர் மோடமா, கணிப்பொறியா?

மேலே கூறிய முறையில் மோடமே முடிவுசெய்து அழைப்பை ஏற்கிறது. மற்றொரு முறையும் உண்டு. எஸ்0-வைப் பூச்சியமாகவே விட்டு, விடைச் சொற்களையும் நிறுத்தாமல் வைத்தால், ஒவ்வொரு மணிக்கும் மோடம் ‘ரிங்’ என்னும் சொல்லைக் கணிப்பொறிக்கு அனுப்பும். கணிப்பொறியின் நிரல் அதனை எண்ணி, வேண்டிய மணியில் ‘ஏடிஏ’ என்னும் கட்டளையை இடும். ‘இப்போது ஏற்பாயாக’ என்பது அதன் பொருள். லினக்ஸ் அமைப்பில் ‘எம்கெட்டி’ என்னும் நிரல் இவ்வாறே இயங்குகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. கணிப்பொறி செயலற்று நின்றுவிட்டதாகக் கொள்வோம். முதல் முறையில் மோடம் அழைப்பை ஏற்றுவிடக்கூடும். அழைத்தவர்க்கு ஒலி கேட்கும், இணைப்பும் கிட்டும், ஆனால் ஓர் எழுத்தும் வாராது. கட்டணம் மட்டும் ஏறும். இரண்டாம் முறையில் மணி ஒலித்துக்கொண்டே இருக்கும். எடுப்பார் இல்லை என்பதால், கணிப்பொறியில் குறை உண்டு என்று அழைத்தவர் உடனே ஊகிப்பார். கணிப்பொறி உள்ள இடத்தில் இரண்டாம் முறை சிறந்தது. கட்டளையிடும் திறன் அற்ற எளிய அளவுக் கருவி மட்டும் உள்ள இடத்தில் முதல் முறையே ஏற்றது.

முதல் முறையைக் கைக்கொள்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ‘&டி2’ அமைப்பில், ‘கணிப்பொறி ஆயத்தம்’ என்னும் குறி இல்லாதபோது பல மோடங்கள் தானாக ஏற்பதையும் நிறுத்திவிடும். இது காவலும் ஆகும். கவனியாதவர்க்குக் கண்ணியும் ஆகும். அளவுக் கருவி அக்குறியைத் தருமா என்பதை முன்னரே அறிந்துகொள்க. தாராதெனின் ‘&டி0’ என அமைக்கலாம்.

6. கைப்பேசி வலையில் வரும் அழைப்பு

கைப்பேசி மோடத்திலும் ‘ரிங்’ என்னும் சொல் வரும்; ‘ஏடிஏ’, ‘ஏடிஹெச்’ ஆகியவையும் செல்லும். ‘ஏடி+சிஎல்ஐபி=1’ எனத் தட்டினால் ஒவ்வொரு மணியோடும் அழைப்பவரின் எண்ணும் திரையில் தோன்றும். ஆயினும் இரு வேறுபாடுகளை உணர வேண்டும்.

முதலாவது, பழைய முறையில் போலக் குரல் வழியே தரவு அனுப்பும் ‘தரவு அழைப்பு’ எல்லா வலைகளிலும் கிடைப்பதன்று. இரண்டாவது, கைப்பேசி வலையில் மோடத்துக்குக் கிடைக்கும் இணைய முகவரி பெரும்பாலும் வலைக்குள்ளேயே செல்லுபடியாகும் முகவரி. வெளியிலிருந்து அதனை நேரே அணுக இயலாது. நிலையத்துக்குள் நாம் செல்ல வழியில்லை. நிலையம்தான் வெளியே வர வேண்டும்.

இதற்கு நம் மக்களின் வழக்கமே ஒரு வழியைக் காட்டுகிறது. காசு செலவின்றிச் செய்தி சொல்ல, ஒரு மணி அடித்துவிட்டுத் துண்டிக்கும் ‘மிஸ்டு கால்’ பழக்கத்தை நாம் அறிவோம். அலுவலகம் நிலையத்தை அழைக்கிறது. மோடம் எண்ணைக் காட்டுகிறது. அவ்வெண் தன் பட்டியலில் இருப்பின், நிலையத்தின் கருவி ‘ஏடிஹெச்’ கட்டளையால் அழைப்பை மறுத்துவிட்டு, தானே இணையத்தைத் தொடர்புகொண்டு அளவுகளை அனுப்புகிறது. வரும் அழைப்பு இங்கே பேச்சன்று. கதவைத் தட்டும் ஓசை மட்டுமே. குறுஞ்செய்தியையும் இவ்வாறே பயன்படுத்தலாம்.

7. காவல்

அழைப்பை ஏற்கும் மோடம் வீதியில் திறந்துவைத்த கதவு. அதன் எண்ணை வெளியிடாமையே காவல் என்று கருதுவது பிழை. எண்களை வரிசையாக அழைத்து, எதில் மோடத்தின் ஒலி கேட்கிறது என்று பார்க்கும் நிரல்கள் நெடுங்காலமாக உண்டு. 1983-இல் வெளிவந்த ‘வார்கேம்ஸ்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் இச்செயலைப் பலர்க்கும் அறிமுகப்படுத்தியது.

ஆகவே, முதலில் ஒவ்வொருவர்க்கும் தனிக் கடவுச்சொல் அமைக்க வேண்டும். மும்முறை தவறினால் இணைப்புத் துண்டிக்கப்பட வேண்டும். அழைப்பு வந்த நேரத்தையும் எண்ணையும் பதிவுசெய்ய வேண்டும். அழைப்பவர் எண்ணைச் சான்றாக மட்டும் கொள்க. அதனைப் போலியாகவும் காட்ட இயலும் என்பதால் அதுவே சாவியாகலாகாது. ‘மிஸ்டு கால்’ முறையில் இக்குறை அத்துணைத் தீங்கு செய்யாது; ஏனெனில் போலி எண்ணால் தட்டினாலும் நிலையம் தன் அலுவலகத்துக்கே தரவை அனுப்பும்.

திரும்ப அழைக்கும் முறையும் பயன்பட்டது. நிலையம் அழைத்தவரின் பெயரைக் கேட்டுக் கம்பியை விட்டுவிட்டு, தன் பட்டியலிலுள்ள எண்ணுக்குத் தானே அழைக்கும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சில இணைப்பகங்களில் அழைத்தவர் கம்பியை விடும்வரை இணைப்பு நீங்காது. நிலையம் ‘விட்டுவிட்டேன்’ என்று எண்ணி எண்ணைச் சுழற்றும். பழைய ஆளே மறுமுனையில் காத்திருப்பான். ஆதலின் புதிய சுழற்று ஒலியைக் கேட்டபின்னரே எண்ணை அழைக்குமாறு மோடத்தை அமைக்க வேண்டும். ‘ஏடி எக்ஸ்4’ என்பது அதற்குரியது. இயலுமாயின் திரும்ப அழைக்க வேறொரு கம்பியைப் பயன்படுத்துவது இன்னும் நன்று.

மனிதப் பகைவரோடு இடியையும் சேர்த்து எண்ணுக. வெளியே நெடுந்தூரம் தூண்களில் வரும் கம்பி மின்னலின் வீச்சை உள்ளே கொண்டுவரும். கம்பி நுழையுமிடத்தில் மின்வீச்சுத் தடுப்பானும் நல்ல நிலத்தொடர்பும் இருத்தல் வேண்டும்.

8. குறை காணும் முறை

மணி ஒலிக்கிறது, மோடம் எடுக்கவில்லை எனின்: எஸ்0-வைப் படிக்க. பூச்சியமாயின் மீண்டும் எழுதி, ‘&டபிள்யூ’ செய்க. பூச்சியம் அன்றாயின் ‘கணிப்பொறி ஆயத்தம்’ குறியை ஆராய்க. அதுவும் சரியாயின், அழைப்பு வரும்போது எஸ்1 கூடுகிறதா என்று பார்க்க. கூடவில்லையேல் மணி மின்சாரமே மோடத்தை அடையவில்லை. ஒரே கம்பியில் பல கருவிகள் இணைக்கப்பட்டு மணியின் வலு குன்றியிருக்கலாம்.

எடுக்கிறது, ஆனால் இணையவில்லை எனின்: அழைப்பவரின் எஸ்7-ஐ உயர்த்துக, இருபுறமும் தாழ்ந்த வேகத்தை முயல்க. கைக்கருவியை எடுத்துக் கேட்டால் கம்பியில் இரைச்சல் உண்டா என்பது புலனாகும்.

இணைகிறது, ஆனால் பொருளற்ற எழுத்துகள் வருகின்றன எனின்: பெரும்பாலும் உள்வேகமோ, எழுத்துக்குரிய குறிகளின் எண்ணிக்கையோ இருபுறமும் ஒத்திருக்கவில்லை. நீண்ட செய்திகளில் மட்டும் இடையிடையே எழுத்துகள் விடுபடின், கம்பி வழிக் கட்டுப்பாடு இயங்கவில்லை.

நடுவே அறுகிறது எனின்: எஸ்10-ஐச் சற்றே உயர்த்துக. அதே கம்பியில் ‘காத்திருக்கும் அழைப்பு’ வசதி இருப்பின் அதனை நீக்குக. அதன் ஓசை மோடத்தின் பேச்சைக் குலைக்கும்.

9. வகுப்பறைச் சோதனை

இரு மோடங்களும் இரு கணிப்பொறிகளும் இருந்தால் இணைப்பகம் இன்றியே ஒரு சோதனை நிகழ்த்தலாம். இரு மோடங்களையும் ஒரு தொலைபேசிக் கம்பியால் நேரே இணைக்க. ஒன்றில் ‘ஏடி எக்ஸ்1 டி’ எனத் தட்டுக. சுழற்று ஒலிக்குக் காத்திராமல் அழைப்பவர் வேடத்தைப் பூணுமாறு அது பணிக்கிறது. மற்றதில் உடனே ‘ஏடிஏ’ எனத் தட்டுக. ஒலிபெருக்கியைத் திறந்துவைத்தால் மாணவர் முதலில் மௌனத்தையும், பின்னர் 2,100 ஹெர்ட்ஸ் ஒலியையும், அதன்பின் உடன்பாட்டின் இரைச்சலையும் வரிசையாகக் கேட்பர். இறுதியில் இருபுறமும் ‘கனெக்ட்’ எனத் தோன்றும். பெரும்பாலான மோடங்கள் கம்பியில் மின்னழுத்தம் இன்றியும் இவ்வாறு இணையும்.

இரு மோடங்களிலும் ‘ஏடிஏ’ எனத் தட்டச் செய்து, இணைப்புக் கிட்டாமையையும் காட்டுக. ‘ஒரே வேடம் இருவர்க்கு ஆகாது’ என்னும் முதற்பகுதியின் கருத்து அப்போது மனத்தில் நன்கு பதியும். இச்சோதனையில் மணி மின்சாரம் இல்லாமையால் எஸ்0-வைச் சோதிக்க இயலாது. அதற்குப் பள்ளி அலுவலகத்திலுள்ள சிறு உள்தொலைபேசி இணைப்பகத்தின் இரு கிளைகள் போதும்.

களநிலையத்தில் மோடத்தை அமைத்தவர், கிளம்புமுன் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. மோடத்தின் மின்சாரத்தை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்து மீண்டும் கொடுக்க. விசைப்பலகையைத் தொடாமல், வெளியிலிருந்து அந்நிலையத்தை அழைக்கச் செய்க. அழைப்பு ஏற்கப்பட்டு, அளவு வந்து, இணைப்பு முறையாக நீங்கினால், உடனே இரண்டாம் முறையும் அழைக்கச் செய்க. முதல் அழைப்பை ஏற்று இரண்டாம் அழைப்பில் தவறும் மோடங்கள் பல. முதலழைப்பைச் சரிவர விடாமையே அதற்குக் காரணம். இரு முறையும் தேறிய பின்னரே பெட்டியைப் பூட்டுக. அமைத்த கட்டளை வரியையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி, பெட்டியின் கதவின் உட்புறம் ஒட்டி வைக்க. அடுத்து வருபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. எஸ்0-வில் 6 என்னும் எண் உள்ளது. இப்பாடத்தில் கூறிய கால அளவுகளைக் கொண்டு, அழைத்தவர் இணைப்புப் பெற ஏறத்தாழ எத்தனை வினாடி ஆகும் எனக் கணக்கிடுக.

2. 2,100 ஹெர்ட்ஸ் ஒலியின் இரு பயன்கள் யாவை?

3. கணிப்பொறி செயலற்றதை அழைப்பவர் எளிதில் அறிய உதவும் முறை எது? காரணம் கூறுக.

4. திருப்பிச் சொல்லும் பழக்கத்தை நிறுத்தாத மோடத்தால் நேரும் குறையைத் தம் சொற்களில் மாணவர் விளக்குமாறு செய்க.

5. உங்கள் நிலையத்தில் உள்ள மோடத்தில் ‘ஏடி எஸ்0?’ எனத் தட்டி விடையைக் குறித்துக்கொள்க. அது பூச்சியமாக இருந்தால், அதற்குக் காரணம் உண்டா என்பதை இன்றே ஆராய்க. மழை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டா.